கொட்டும் மழையில் வீடு பார்த்தேன்

பெங்களூரு அடுகோடியில் விலைக்கு வந்த அந்த இரண்டாம் மாடி வீடு எனக்கும் கணவருக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. நல்ல வெளிச்சம், ஹாலில் புதுப் பெயிண்ட். உடனே அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னார் புரோக்கர். மழை பெய்யும்போது ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றேன். அவர் சிரித்தார். என் கணவரும் சங்கடமாகச் சிரித்தார். ஆனால் வாடகை வீட்டில் மழைக்கு மழை கட்டிலை நகர்த்திப் போட்டவள் நான்தானே.

ஒரு சாயங்காலம் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஆபீஸ் கேபில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நேராக அடுகோடியில் இறங்கிக்கொண்டேன். அந்த வீட்டுக்காரம்மாவும் தமிழ்தான். தலை துவட்டத் துண்டு கொடுத்தபடி, "மழைல யாரும்மா வீடு பாக்க வருவாங்க?" என்றார்.

ஹால் கூரையில் புதுப் பெயிண்டின் நடுவே ஈரம் படர்ந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. மேல்வீட்டுக்காரர் பால்கனிக்கு டைல்ஸ் போட்டதிலிருந்தே இப்படித்தான், பலமுறை சொல்லியும் அவர் கேட்கவில்லை, பெயிண்ட் அடித்து மறைத்தது புரோக்கரின் யோசனை என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் வீட்டை விட மனமில்லை. மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். தன் பால்கனியில் ஒரு குறையும் இல்லை என்று மேல்வீட்டுக்காரர் கன்னடத்தில் கறாராகச் சொன்னார்.

"ஒந்து நிமிஷ கெளகடெ பன்னி சார்," என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கீழே வரச் சொன்னேன்.

முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு ஹால் நடுவில் நின்றார். ஒரு சொட்டு அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். எங்களை மேலே கூட்டிப்போனார். பால்கனியில் குளம் மாதிரி தண்ணீர் நின்றது. டைல்ஸ் போட்ட ஆட்கள் தண்ணீர் போகும் ஓட்டையையே மூடிவிட்டிருந்தார்கள். தானே சரிசெய்து தருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் புரோக்கர் போன் செய்து, வேறு பார்ட்டி காத்திருக்கிறது என்று மிரட்டினார். இருந்தாலும், "ரிப்பேர் முடியட்டும். இன்னொரு மழை பாத்துட்டுத்தான் அட்வான்ஸ்," என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். அப்படி எந்தப் பார்ட்டியும் இல்லை என்றார். எனக்காகக் காத்திருப்பதாகவும் சொன்னார்.

பால்கனி வேலை முடிந்தபின் பெய்த முதல் பெருமழையன்று கணவரோடு போனேன். ஹாலில் எல்லோரும் அண்ணாந்தபடி நின்றோம். மேல்வீட்டுக்காரரும் வந்திருந்தார். வெளியே மழை வெளுத்து வாங்கியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. கணவர் நாற்காலி மேல் ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்து, "காஞ்சு கெடக்கு," என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். ஆபீசில் யார் வீடு வாங்கப் போனாலும் முதலில் என்னைத்தான் கேட்கிறார்கள். போன வாரம் வானம் இருட்டியதுமே ஒரு தோழி போன் செய்து, அத்திபெலேவில் தான் பார்த்திருக்கும் வீட்டுக்கு உடனே கிளம்பி வரச் சொன்னாள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.