மத்தி நெய் மணக்கும் ஜீப்

போன ஞாயிற்றுக்கிழமை போர்ட் கொச்சியில் ஒருவர் மரப்படகுக்கு மத்தி மீனின் நெய் பூசிக்கொண்டிருந்தார். அந்த நாற்றம் மூக்கில் ஏறிய நொடியிலேயே முடிவு செய்துவிட்டேன்: அத்தாவின் ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போக விடமாட்டேன்.

மட்டாஞ்சேரியில் இஞ்சிக் கிடங்குக்குப் பின்னால் இருந்த எங்கள் ஷெட்டில் அதே நாற்றம்தான். இப்போது அங்கே ஒரு காபிக் கடை. பட்டாளம் ஏலம் விட்ட அந்த ஜீப்பில் உப்புக்காற்று தின்ற தகரத்தை ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் அத்தா வெட்டியெடுத்து, புதுத் தகரத்தைத் தட்டி வளைத்து, வெல்டிங்கில் பற்றவைத்து, படகுக்காரர்களைப் போல அடிப்பாகம் முழுக்க மத்தி நெய் பூசுவார். மழை ஓயும்வரை தெருப்பூனைகள் அதற்குக் கீழேயே குடியிருக்கும், நானும் அந்த வாடையோடேதான் பள்ளிக்கூடம் போவேன்.

"இக்கா, இது ஜீப்பா, மீன் வண்டியா?" என்பார் கிடங்குச் சேட்டன்.

"பட்டாளத்து வண்டியாக்கும். மூக்கைப் பொத்திட்டுப் போ சேட்டா" என்பார் அத்தா.

ஷெட் போனபின் ஜீப் எங்கள் சந்தில் துருவேறி நிற்கிறது. அந்த அத்தாவே மனம் விட்டுப்போய் இரும்புக்காரரை வரும் சனிக்கிழமை வரச்சொல்லிவிட்டார். நான் இன்று அவசரத்தில் இரண்டு குப்பி நெய்யை ஜீப்பின் ஓட்டைத் தரையில் பூசிவிட்டேன். வாடை பிடித்து அத்தா ஓடிவந்தார்.

"தகரம் மாத்தாம எவளாச்சும் நெய் பூசுவாளா? பத்தவைச்சா தீப்பிடிக்கும்டீ!"

"அப்போ பத்தவைக்கப் போறோமா, அத்தா?"

அத்தா ஒரு பழைய கைலியைக் கிழித்துத் துடைக்கச் சொல்லி என் மேல் எறிந்தார்.

துடைத்துவிட்டேன். நாளைக் காலையில் ஓட்டுநர் காலடித் தகரத்தை நானே வெட்டியெடுக்கப் போகிறேன். தரையே இல்லாத வண்டியை ஓட்டிப்போக வரும் இரும்புக்காரர் எங்கே காலை வைக்கிறார், பார்க்கலாம்.