முன்சக்கரத்தில் கட்டிய சிவப்புத் துணி

டோர்கெல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ சிறுவயதில் பயமுறுத்தியிருக்க வேண்டும். நோர்வேயில் மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் மூன்றாவது மகனாகப் பிறந்தவன். அங்கே நிலம் மூத்தவனுக்கு. மற்றவர்களுக்குக் கப்பல். பத்தொன்பது வயதில் கப்பலேறி, அமெரிக்காவின் வட டகோட்டாவில் நாலு வருஷம் பிறர் வயலில் கூலி வேலை செய்து, சிக்னேயைக் கட்டிக்கொண்டு, 1901-இல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த நூற்றறுபது ஏக்கரில் கால் வைத்தான். இத்தனைக்கும் நடுவே அவன் பேசிய வார்த்தைகள் ஒரு சிறு மூட்டைக்குள் அடங்கிவிடும் என்பாள் சிக்னே. எதைக் கேட்டாலும் "ம்ம்". சம்மதமா, மறுப்பா, தூக்கமா, அது நம் பாடு. எங்கள் நோர்வே ஆட்கள் யாருமே வாயாடிகள் இல்லைதான். ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

நிலம் இலவசம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஐந்து வருஷம் அதே நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். பிறகு இரண்டு சாட்சிகள் வந்து, "ஆமாம், வீடு இவன் நிலத்தில்தான் இருக்கிறது" என்று சத்தியம் செய்ய வேண்டும். அப்போதுதான் பட்டா. இவர்கள் பட்டா வாங்கும் நாள் 1906 ஏப்ரல் பத்து என்று செய்தித்தாளிலேயே போட்டுவிட்டார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் கன்றுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, சிக்னே பனியில் அதைத் துரத்திக்கொண்டு போனாள். வீட்டுக்குக் கிழக்கே நூறு காலடி தாண்டியதும் எதிலோ தடுக்கி விழுந்தாள். எழுந்து பார்த்தால் ஒரு முளை. நில எல்லையைக் காட்டப் புதிதாக அடித்த சர்வே முளை. கன்றை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"அங்க ஒரு முளை இருக்கே, அது என்ன?"

"சர்வே முளை," என்றான் டோர்கெல், காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி.

"அது எனக்கும் தெரியும். நம்ம நிலம் அந்த முளையிலிருந்து கிழக்கால. வீடு ஏன் மேற்கால இருக்கு?"

"ம்ம்."

"மனுஷா, வாயில என்ன உருளைக்கிழங்கா? சொல்லித் தொலை!"

அவன் ஒரு மிடறு காப்பி குடித்தான். "முன்சக்கரம்," என்றான்.

அந்த ஒற்றை வார்த்தையிலிருந்து முழுக்கதையையும் பிடுங்கி எடுக்க அவளுக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. நிலம் தேடி வந்த முதல் நாள், பழைய முளை காட்டுத்தீயில் எரிந்து போயிருந்தது. மேற்கே முளை மிஞ்சியிருந்த அடுத்த மூலையிலிருந்து கிழக்கே அரை மைல் அளக்க வேண்டும். எல்லோரும் செய்கிறபடி அவனும் வண்டிச் சக்கரத்தில் சிவப்புத் துணியைக் கட்டி, சுற்றுகளை எண்ணிக்கொண்டே ஓட்டி வந்தான். பின்சக்கரத்தைக் கயிறு போட்டு அளந்து, இருநூற்று மூன்று சுற்று என்று கணக்கும் சரியாகவே போட்டான். ஆனால் பின்சக்கரத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்ததாம். அதனால் துணியை முன்சக்கரத்துக்கு மாற்றிக் கட்டினான். முன்சக்கரம் சின்னது. அவன் இருநூற்று மூன்று எண்ணி முடித்தபோது நிலம் இன்னும் வந்திருக்கவில்லை. அங்கேயே வீட்டைக் கட்டினான், கிணறும் வெட்டினான்.

"கழுத்து வலிக்கும்னு அஞ்சு வருஷ உழைப்பை அடுத்தவன் நிலத்துல கொட்டியிருக்க!" சிக்னே தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த நிலம் யாருது இப்போ?"

"ஏலோஃப்."

போன இலையுதிர் காலத்தில்தான் வந்து இறங்கியிருந்த சுவீடன்காரன். முளையை அடிக்க வைத்தவனும் அவன்தான். அவன் நினைத்தால் வீடும் அவனுடையது, கிணறும் அவனுடையது. இரண்டு குழந்தைகளோடு இவர்கள் தெருவில். அந்த ஊரில் தெருவும் கிடையாது.

வழி ஒன்று இருந்தது. எங்கள் வட்டார வீடுகளுக்கு அஸ்திவாரம் கிடையாது. அடியில் மரக்கட்டைகளைச் செருகி, பத்துப் பன்னிரண்டு குதிரைகளைப் பூட்டினால் பனியில் வீடு வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் பனி உருகுவதற்குள் செய்ய வேண்டும். டோர்கெலிடம் இருந்தவை இரண்டு குதிரைகள். மிச்சத்தை ஊராரிடம் கேட்க வேண்டும். கேட்பதா? டோர்கெலா?

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆம்பளைங்ககிட்ட கேளு," என்றாள் சிக்னே.

"ம்ம்."

முதல் ஞாயிறு, வழிபாடு முடிந்து ஆண்கள் குதிரைக் கொட்டகையில் கூடி நின்றார்கள். கோதுமைக்கு வரும் நோயைப் பற்றிப் பேசினார்கள். டோர்கெல் நன்றாகத் தலையாட்டினான், அவ்வளவுதான். இரண்டாம் ஞாயிறும் அதே கதை. மூன்றாம் ஞாயிறு சிக்னே கொட்டகை வாசலிலேயே நின்று கண்ணால் குத்திக்கொண்டிருந்தாள். டோர்கெல் தொண்டையைக் கனைத்தான். எல்லோரும் திரும்பினார்கள். "காத்து தெற்கிலிருந்து அடிக்குது," என்றான். தெற்குக் காற்று என்றால் பனி உருகும். அது சிக்னேக்கும் தெரியும். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அழுதாள், துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

மறுநாள் காலை அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வீடு ஒரு குலுங்கு குலுங்கியது. அடுப்பின் புகைக்குழாய் கழன்று விழுந்தது. மாவு முழுக்கக் கரி. குழந்தைகள் அலறின. வெளியே டோர்கெல் தன் இரண்டு குதிரைகளையும் வீட்டில் பூட்டி, "ஹை, ஹை" என்று விரட்டிக்கொண்டிருந்தான். வீடு ஒரு சாண் நகர்ந்து கோணிக்கொண்டு நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. சிக்னே ஜன்னல் வழியாகக் குதித்தாள். கரி அப்பிய மாவுக் கையோடு, புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஏலோஃபின் மண்குடிசைக்கு நடந்தாள்.

"எங்க வீட்டை நகர்த்தணும். குதிரை வேணும். வீட்டை வச்சுக்கறதா இருந்தா அதையும் இப்பவே சொல்லிடுங்க," என்றாள் மூச்சு வாங்க.

ஏலோஃப் அவளை விநோதமாகப் பார்த்தான். "இதை நான் அக்டோபர்லயே அவர்கிட்ட சொன்னேனே! உங்க வீடு என் நிலத்துல இருக்கு, பனி விழட்டும், நானே பத்து குதிரை சேர்த்துத் தாரேன்னு. 'ம்ம்'ன்னாரு. வரட்டும் வரட்டும்னு குளிர்காலம் பூரா காத்துக் கிடந்தேன். உங்க நோர்வேக்காரங்க 'ம்ம்'முக்கு என்னதாங்க அர்த்தம்?"

சிக்னே அவன் வாசலில் இருந்த மரக்கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதம். நாலு மாதமாக இந்த மனுஷனுக்குத் தெரியும்.

புதன்கிழமை பதினாலு குதிரைகள் வந்தன. சிக்னே குழந்தைகளோடு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொன்னவர்களிடம், "அந்த ஆளை நம்பி இறங்கினா இன்னொருத்தன் நிலத்துல நிறுத்திடுவார்," என்றாள். வீடு முனகிக்கொண்டே நகர்ந்தது. ஜன்னலில் தலையை நீட்டி முளையையே பார்த்திருந்தாள். வீடு முளையைத் தாண்டியது.

"போதுமா?" என்று கத்தினான் ஏலோஃப்.

"இன்னும் போங்க!"

"இதுக்கு மேலயா?"

"இன்னும்! இன்னும்!"

முளைக்கு அப்பால் இருநூறு காலடி தள்ளித்தான் நிறுத்த விட்டாள். குதிரைக்காரர்கள் பனியில் உட்கார்ந்து சிரித்தார்கள். டோர்கெல் சிரிக்கவில்லை, திரும்பிக் கிணற்றைப் பார்த்தான். ஏப்ரல் பத்தாம் தேதி சத்தியம் செய்த இரண்டு சாட்சிகளில் ஒருவன் ஏலோஃப். பட்டா கிடைத்தது.

வீட்டை இழுக்கலாம், கிணற்றை இழுக்க முடியுமா? புதிய இடத்தில் டோர்கெல் வெட்டிய கிணற்றில் உப்புக் கசப்பு. மாடுகள் குடித்தன. அதில் போட்ட காப்பியை மனிதர் குடிக்க முடியாது. "வேற இடத்துல வெட்டு," என்றாள் சிக்னே. "ம்ம்." ஒவ்வொரு வசந்தத்திலும் சொன்னாள், ஒவ்வொரு வசந்தத்திலும் "ம்ம்". ஆனால் தினமும் விடியும்போது அடுப்பின் பக்கத்தில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் இருக்கும். பழைய கிணற்றுத் தண்ணீர்.

அவன் ஏலோஃபைக் கேட்டிருக்க மாட்டான் என்பது அவளுக்கு நிச்சயம். கேட்கத் தெரிந்த ஆளா அவன்? கேட்காமல் எடுத்தால் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர். சர்ச்சில் ஏலோஃபின் மனைவியை நிமிர்ந்து பார்க்கக் கூசினாள். அந்தக் கூச்சத்தை ஈடுகட்ட ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அந்த வீட்டுக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கு அப்பமும் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இன்னும் மூன்று குழந்தைகள் பிறந்தன, வளர்ந்தன, பட்டணம் போயின. முப்பத்தேழு வருஷம் அந்த வாளிகள் தவறவில்லை. டோர்கெலிடம் இதைப் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டாள்.

1943 மார்ச்சில் டோர்கெல் செத்துப்போனான், அதையும் யாரிடமும் சொல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. அடக்கம் முடிந்த மறுநாள் காலை வாளிகள் காலியாக இருந்தன. சிக்னே வாளிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. பாதியிலேயே மூச்சு வாங்கியது. கிணற்றடியில் ஏலோஃப் நின்றிருந்தார். அவரும் கிழவராகிவிட்டார்.

"ஏலோஃப், மன்னிச்சிடுங்க. இத்தனை வருஷம் என் வீட்டுக்காரர் உங்களைக் கேக்காமலே எடுத்துட்டு வந்தார். எனக்கு அவமானம் தாங்கல."

"கேக்காமலா?" ஏலோஃப் வாளியை வாங்கிக் கீழே வைத்தார். "வீட்டை நகர்த்தின அன்னைக்குச் சாயங்காலமே வந்தாரே. அரை மணி நேரம் வாசல்ல நின்னார். என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அப்புறம் சொன்னார், 'என் பொண்டாட்டிக்கு இந்தத் தண்ணிக் காப்பிதான் பிடிக்கும். எடுத்துக்கலாமா?'ன்னு. அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

சிக்னே கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லலையே," என்றாள். "பாவி மனுஷன், உங்ககிட்ட கேட்டிருக்கார், என்கிட்ட சொல்லலையே! முப்பத்தேழு வருஷம் தலை குனிஞ்சேனே! ரொட்டி சுட்டுச் சுட்டு என் கை ஓஞ்சு போச்சே!" கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமல் திட்டிக்கொண்டே இருந்தாள். ஏலோஃப் இரண்டு வாளிகளையும் நிரப்பினார்.

"இனிமே நான் தினமும் வண்டியில கொண்டாந்து வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"ம்ம்," என்றாள் சிக்னே.

சொன்னதும் திடுக்கிட்டாள். தலையில் கட்டிய துணியின் நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"'ம்ம்' இல்ல. ஆமாம். கொண்டு வாங்க ஏலோஃப். எனக்கு வேணும்."