ஓடையை அழித்த வரைபடம்

நான் லேண்ட்ஸ்கேப் டிசைன் படித்தேன் என்றால், ஒடுகத்தூரில் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர்களுக்கு அது பூச்செடி வைக்கும் வேலை. ஒருநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஓர் அத்தை கேட்டார்: "நர்சரி வைக்கப் போறியாம்மா? அதுக்கு இன்னாத்துக்கு ஏழு வருசம் படிப்பு?" ஒரு நிலத்தில் மரம் எங்கே நிற்க வேண்டும், ஆட்கள் எங்கே நடக்க வேண்டும், மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை என்று விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, வீட்டு ரோஜாவில் ஏன் மொட்டு கருகுகிறது என்று கேட்டார்.

சென்னையில் ஓர் அலுவலகத்தில் மூன்று வருடம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் புல்தரை வரைந்தேன். அலுத்துப்போய் ஊருக்குத் திரும்பித் தனியாக வேலை எடுக்கத் தொடங்கினேன். எட்டு மாதம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அழைத்தார். ஜவ்வாது மலைமேல் நாலு ஏக்கர் நிலம் வைத்திருந்தார். பத்துக் குடில்களோடு ஒரு தங்கும் விடுதி கட்டப்போவதாகவும், வெளியிடம் முழுவதும் என் பொறுப்பு என்றும் சொன்னார்.

பங்குனி வெயிலில் அந்த நிலத்தை இரண்டு நாள் நடந்து அளந்தோம். மேற்குப் பக்கம் பாறைகளுக்கு நடுவே பொடிமணல் படிந்த ஒரு பள்ளம் கீழ்நோக்கிப் போனது. சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் பாறைகளின் அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. மேலே இருக்கும் சரிவு முழுக்க அந்தப் பள்ளத்தை நோக்கியே சாய்ந்திருந்தது. வரைபடத்தில் அதை நீல பென்சிலால் ஓடை என்று குறித்தேன்.

வரைபடத்தைப் பார்த்த உரிமையாளர் அந்த இடத்தில்தான் விரலை வைத்தார்.

"இங்க தண்ணியே இல்லியேம்மா."

"மழைக்காலத்துல வருங்க."

"பாறைய எடுத்துட்டு மண்ணு கொட்டுனா சமமாய்டும். ரோட்டுலேர்ந்து நேரா வந்து கார் நிறுத்தலாம். இதவுட நல்ல எடம் ஏது? ஒரு சுவர் போட்டுக்கலாம்."

நான் இரண்டு முறை மறுத்துச் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. இந்த வேலை கைவிட்டுப் போனால் இன்னும் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற நினைப்புதான் காரணம். வீட்டுக்கு வந்து நீலக் கோட்டை அழித்தேன். அங்கே வாகன நிறுத்தத்தையும், அதன் கீழ் விளிம்பில் ஆளுயரத் தடுப்புச்சுவரையும் வரைந்தேன். தண்ணீர் வடிய அடியில் ஆறு குழாய்கள் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆவணிக்குள் சுவரும் சில குடில்களும் எழும்பிவிட்டன. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலை உரிமையாளர் போன் செய்தார். "சுவர் போச்சும்மா. கொஞ்சம் வர்றியா?"

ஸ்கூட்டியில் மலையேறிப் போனேன். சுவர் நடுவில் பிளந்து, பின்னால் கொட்டிய மண்ணும் கல்லும் கீழே இருந்த சாமைக் காட்டில் கிடந்தன. அறுவடைக்கு இரண்டு வாரம் இருந்த பயிர். பாதிக் காடு மண்ணுக்குள். நல்லவேளையாக ஆட்கள் யாரும் அங்கே இல்லை.

அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரி வரப்பில் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்ததால் உழவும் விதைப்பும் அவர் ஒருவர் பாடு. உரிமையாளர் நஷ்டஈடு கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அந்தம்மா அதைக் காதில் வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"தாளுல கோடு போட்டு குடுத்தது நீயா?"

"ஆமாக்கா."

"அது தண்ணி வர்ற வழின்னு உனுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கோடையில் அளந்தோம், அப்போது வறண்டிருந்தது என்று சொன்னால் அங்கிருந்த எல்லோரும் நம்பியிருப்பார்கள். உரிமையாளர்கூட அதைத்தான் எதிர்பார்த்தார் போலிருந்தது.

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் வரைஞ்சேன்."

அவர் வரப்பிலிருந்து காட்டுக்குள் இறங்கினார். பிறகு, "அப்ப வா. கல்லப் பொறுக்கு" என்றார்.

உரிமையாளர் ஜேசிபியை இறக்கப் பார்த்தார். அந்தம்மா வழிமறித்து நின்றுகொண்டார். "ஒரு முழம்தான் மண்ணு. அதுக்குக் கீழ பாறை. அந்த வண்டிய ஏத்துனா மண்ணு இறுகிப் போய்டும். அப்பறம் எதுவும் மொளைக்காது." அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். படித்த பாடத்திலேயே இருந்தது.

பதினொரு நாள் கூடையில் கல் சுமந்தோம். விடுதியில் வேலை செய்த நான்கு பெண்கள், அந்தம்மா, நான். முதல் இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவே இல்லை. மூன்றாம் நாள் என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு ஒரு பழைய துணியைக் கிழித்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் அவர் தூக்கிலிருந்த களியில் எனக்கும் ஓர் உருண்டை வைத்தார். என் வீட்டைப் பற்றிக் கேட்டார். "உங்க வூட்டுல நெலம் இருக்கா?" இல்லை என்றேன். "அதான்" என்றார்.

மாலையில் விடுதி அறையில் உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். சுவரை முழுவதும் இடித்து, பாறைகளைத் திரும்ப வைத்து, ஓடையைத் திறந்துவிட வேண்டும். கார்கள் கீழே ரோட்டோரம் நிற்கட்டும். வருகிறவர்கள் இருநூறு அடி நடக்கட்டும். இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் என் வரைபடங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். விழுந்த சுவரை அவரும் பார்த்திருந்தார்.

அடுத்த ஆடியில் அந்தம்மா மறுபடி சாமை விதைத்தார். ஒரு மூலையில் மட்டும் பயிர் சரியாக வரவில்லை. அங்கே ஆடு கட்டுகிறார். நான் போனால் உட்காரச் சொல்கிறார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு படவேடு, கணியம்பாடி என்று பல வேலைகள் வந்தன. எதை வரைவதற்கு முன்பும் ஒரு மழையில் அந்த நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். சிலர் அதுவரை காத்திருக்க முடியாது என்று வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள். போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.