புறாவைக் கூப்பிடாத பத்து நாள்

போன வெள்ளிக்கிழமை காலை என் புறா போய்விட்டது.

'உமக்கு ஏதய்யா புறா?' என்று கேட்கிறீர்களா? நியாயம்தான். ஆறு வாரமாக இந்தப் பத்தியில் உங்களிடம் மூச்சு விடவில்லை.

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு நாலு நாள் முன்பு, மலாக்கா பெண்டஹாரா ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் கொடி கட்ட ஏணி போட்டார்கள். ஓட்டுக்கு அடியில் இருந்த கூடு சரிந்து, ஒரு குஞ்சு என் சைக்கிள் முன்னால் விழுந்தது. மஞ்சள் மயிர், பெரிய அலகு, பாதி முளைத்த இறகு... அழகு என்று சொன்னால் பொய். எல்லோரும் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குஞ்சைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காஜா பேராங்கிலுள்ள வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் நான் ஒருவன்தான். மனைவி ஆறு மாதமாக நாகப்பட்டினத்தில். அவள் அம்மாவுக்குப் பக்கவாதம். 'ரெண்டே மாசம், வந்துடுறேன்' என்று சொல்லித்தான் கப்பல் ஏறினாள்.

குஞ்சுக்கு அரிசி போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டு மக்சிக் – மலாயில் பெரியம்மா மாதிரி – வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். மலாக்கா செட்டிக் குடும்பம் – நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். சின்ன வயதில் புறா வளர்த்தவராம். குஞ்சுக்குக் கொத்தத் தெரியாது, ஊறவைத்த பச்சைப்பயற்றை அலகைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும் என்று செய்து காட்டினார். வேளைக்கு முப்பது பயறு. மனைவி இருந்தவரை தண்ணீர்கூட மொண்டு குடிக்காத ஆள் நான்!

பெயர் வைக்கவில்லை. நம் ஆட்கள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்? 'இந்தா' என்போம். அதே நாக்குதானே... புறாவும் 'இந்தா' ஆகிவிட்டது. மூன்றாவது வாரம், 'இந்தா' என்றதும் சமையல்கட்டிலிருந்து குடுகுடுவென்று ஓடி வந்தது. எத்தனை மாதம் கழித்து அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு பதில்! அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை.

மனைவிக்கு விமானத் தபாலில் எழுதினேன். 'தீபாவளிக்கு வந்துடுறேன். நான் பாக்கிற வரைக்கும் விட்டுடாதீங்க' என்று பதில் வந்தது.

இறகு முளைத்தது. கொத்தப் பழகியது. வீட்டுக்குள் பறந்தது. ஒருநாள் ஜன்னல் வழியாக வெளியே போய் ரொட்டிக்காரர் தோளில் உட்கார்ந்துவிட்டது.

"சார், ஒங்க புறா எனக்கு அசிஸ்டெண்டா வந்திருச்சு! வேற ஆளா இருந்தா இந்நேரம் கொழம்புதான் லா."

மக்சிக்கின் முகம் மாறிவிட்டது. "ஜாங்கான் பாங்கில்!" என்றார் – கூப்பிடாதே! மனுஷக் குரலுக்கு ஓடி வருகிற புறா வெளியே ஒரு நாள்கூடத் தாங்காது, இப்போதே மற்ற புறாக்களோடு சேர வேண்டும் என்றார். தீபாவளி வரைக்கும் வைத்துக்கொள்கிறேனே என்று கெஞ்சினேன்.

"உன் மனைவிக்குக் காட்டவா வளர்த்தாய், பறக்கவா?" என்று மலாயில் கேட்டார். பழைய கம்பிக்கூண்டு ஒன்றை எடுத்துக் கழுவினேன்.

கூண்டைச் சமையல்கட்டுத் தகரக் கூரைமேல், பக்கத்துக் கோயில் புறாக்கள் வந்து இறங்கும் இடத்தில் வைத்தோம். பயற்றைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட வேண்டும். பத்து நாள். பேசியே பிழைக்கிறவனுக்கு இதைவிடத் தண்டனை உண்டா? அது கம்பியோரம் வந்து என்னைத் தேடும். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன்.

வெள்ளிக்கிழமை காலை கூண்டைத் திறந்தேன். கோயில் புறாக்கள் கூரையில் இறங்கியிருந்தன. என் புறாவும் போய் அவற்றோடு கொத்தியது. யாரோ கதவைச் சாத்திய சத்தத்தில் எல்லாம் எழும்பின. அதுவும் எழும்பியது. ஆனால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தனியாக மக்சிக் வீட்டு ரம்புத்தான் மரத்தில் வந்து உட்கார்ந்தது. என்னைப் பார்த்தது.

கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். சத்தியமாக வந்திருக்கும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூட்டம் போன திசையில் போனது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் தபாலில் மனைவியின் கடிதம். அம்மாவுக்கு மறுபடி முடியவில்லை, தீபாவளிக்கு வருவது சந்தேகம். கடைசி வரி மட்டும் அழுத்தி எழுதியிருந்தாள்: 'நீங்க வரச் சொன்னா வந்துடுறேன்.'

அவளை எனக்குத் தெரியும். 'வா' என்று ஒரு எழுத்து எழுதினால் போதும்... படுக்கையில் கிடக்கிற தாயை விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுவாள். பிறகு ஆயுசுக்கும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

'அத்தையை நன்றாகப் பார்த்துக்கொள். புறா பறந்துவிட்டது. நான் சௌக்கியம்' என்று எழுதித் தபாலில் போட்டேன். மூன்றில் ஒன்று பொய்.

இந்தப் பத்திரிகையைக் கட்டாகக் கட்டிக் கப்பலில் அவளுக்கு அனுப்புவது வழக்கம். போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் அத்தை எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுவார். ஆகவே இங்கே எழுதலாம், தப்பில்லை.

வந்துவிடு.