பச்சை பூசிய இரண்டு ரெக்கார்டுகள்

எனக்கு அந்த வயதில் ஒரு கிறுக்கு இருந்தது. சிலோன் பாப் பாட்டு ரெக்கார்டுகள். அதுவும் பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருக்குமே, அந்தச் சின்ன ரெக்கார்டுகள். கள்ளக்குறிச்சியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆள் இல்லை. தேவையில்லைதான், அதனால் என்ன?

ஒரு சிலோன் பாட்டு இங்கே பிடித்துப்போனால் போதும், மதராசில் வேறு ஆட்களை வைத்து அப்படியே பாடி இன்னொரு ரெக்கார்டு போட்டுவிடுவார்கள். பாட்டில் இருமல் இருந்தால் இருமலையும் சேர்த்து. உறையை நம்பி நான் ஏமாந்தது கொஞ்சமல்ல. பாட்டு முடிந்து நடுக் காகிதம் தொடங்கும் இடத்தில் வழவழப்பாக ஒரு வளையம் உண்டு, விஷயம் அங்கேதான் இருக்கிறது. சிலோனில் போட்டதில் எண்ணைக் கையால் கீறியிருப்பார்கள், கோணல்மாணலாக. மதராஸ் ரெக்கார்டில் எண் அச்சடித்த மாதிரி நேராக நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும்.

வடக்கனந்தல் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மைக்செட்காரர், கேசட் வந்துவிட்டதால் பழைய ரெக்கார்டுகளை ஒழிக்கிறார் என்று கேள்விப்பட்டுக் காலை பஸ்ஸில் போனேன். மதியத்துக்குள் திரும்புவதாகத்தான் எண்ணம். ஆனால் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது அன்றைக்குத்தான். நான் போய் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பதற்குள் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். ஒரு மரம் கம்பிமேல் விழுந்து கரண்டும் போனது. நடந்தே போய்விடலாம் என்று பையை எடுத்தேன். மைக்செட்காரர் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"இன்னா தம்பி, இந்நேரத்துல பொறப்பட்டுக்கினு? ரோட்ல நடக்கற வாலிபப் பசங்கள எல்லாம் போலீஸ் வேன்ல ஏத்தறாங்க. அதத் தாண்டுனா மரம் வெட்டறவங்க, நீ எந்தப் பக்கத்து ஆளுன்னு கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் இன்னா பதில் சொல்லுவீங்க? பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தேன். மழை வேறு. முன்பின் தெரியாத வீட்டில் அவருடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, மூன்று வேளையும் அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டு, ஓட்டுக்கூரையையே பார்த்துக் கிடப்பது ஜெயிலைவிட மோசம். ஜெயிலிலாவது நன்றி சொல்ல வேண்டியதில்லை.

பொழுது போகாமல் ரெக்கார்டுகளைப் பிரித்தேன். வாடகைக்குப் போகும் இடத்தில் அடுத்த மைக்செட்காரனுடையதோடு கலந்துவிடக் கூடாது என்று, நடுக் காகிதத்தில் கடைக்குக் கடை ஒரு நிறம் பூசிவைப்பார்கள். இவருடையது பச்சை. பாட்டின் பெயர், கம்பெனி எல்லாம் பச்சைக்குள் போய்விட்டது. நான் வளையத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கீறலும் தேய்மானமுமாக, ஓரம் சிதைந்த ஒன்றில் கை நின்றது. கோணல்மாணலாக ஒரு எண், எனக்கு மனப்பாடமான எண். நான் வருஷக்கணக்காகத் தேடிய சிலோன் ரெக்கார்டு அது. உள்ளே குதித்துக்கொண்டிருந்தேன், முகத்தில் மட்டும் காட்டவில்லை.

"அதுவா? கல்யாணத்துக்கெல்லாம் போட்டுப் போட்டு ஓஞ்சது. சும்மாவே எடுத்துக்கினு போங்க," என்றார் அவர். "அதே பாட்டு நல்லது ஒண்ணு வூட்டுக்குன்னு வெச்சிருக்கோம். அத மட்டும் தரமாட்டேன்."

அந்த நல்லதை அவர் மனைவி பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். தம்பி மட்டும் கொழும்பிலேயே தங்கி, பாட்டுக் குழு ஒன்றில் விசிலடிப்பவனாக இருந்திருக்கிறான். இந்தப் பாட்டில் வரும் விசில் அவனுடையது. அவன் அனுப்பிய ரெக்கார்டோடு இந்த வீட்டுக்கு வாழ வந்த பிறகுதான் அதை முதன்முதலில் போட்டுக் கேட்டிருக்கிறார். கொழும்புக் கலவரத்துக்குப் பின் தம்பியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போடுவேன் தம்பி. விசில் வந்துச்சுன்னா அவன் வந்து உக்காந்த மாதிரி இருக்கும்," என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். எண் நேராக நின்றது. அடப்பாவமே என்று இருந்தது எனக்கு. எப்படி ஆனது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. புதுப்பெண் கொண்டுவந்ததற்கும் கடையில் இருந்த மதராஸ் ரெக்கார்டுக்கும் ஒரே நாளில் பச்சை பூசிக் காயவைத்திருக்கிறார் மனிதர். எடுக்கும்போது மாறிவிட்டது. மதராசில் எவனோ கூலிக்கு அடித்த விசிலைத்தான் இந்த அம்மா தம்பி என்று கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி ஊர் ஊராகக் கல்யாணப் பந்தலில் தேய்ந்துவிட்டு, இப்போது என் பையில் இருந்தான்.

வாயைத் திறக்காமல் இருந்தால் ரெக்கார்டு எனக்கு, நிம்மதி அவருக்கு. யாருக்கும் நஷ்டமில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிடந்தேன். அந்த அம்மா எனக்கு மட்டும் முட்டை பொரித்து வைப்பார், நான் அதைத் தட்டோரமாக ஒதுக்குவேன். எழுந்து எங்காவது போகலாம் என்றால் போக இடமில்லை. வெளியே மரம், உள்ளே இது.

மரங்களை இழுத்துப் போட்டுக் கம்பியைக் கட்டி, ஒரு காலையில் கரண்ட் வந்தது. பத்து மணிக்குப் பஸ் விடுகிறார்களாம். பையைத் தோளில் மாட்டிவிட்டேன்.

"இரு தம்பி, கேட்டுட்டுப் போ," என்று அந்த அம்மா பட்டுத்துணியைப் பிரித்து ரெக்கார்டைப் போட்டார். சுத்தமான ஒலி. நடுவில் விசில் வந்தது. அவர் கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி அடிக்கிறான் பாத்தியா?"

ஆமாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அவருடைய தம்பியைப் பையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"அக்கா, இது உங்க தம்பி இல்லீங்க," என்றேன். பையிலிருந்ததை எடுத்து, இரண்டு வளையங்களையும் வெளிச்சத்தில் காட்டி, எது சிலோன், எது மதராஸ் என்று சொன்னேன். மைக்செட்காரர் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அந்தத் தேய்ந்த ரெக்கார்டை வாங்கி, முந்தானையால் துடைத்து, மெஷினில் வைத்து முள்ளை இறக்கினார்.

கரகரவென்று இரைச்சல். அடியில் எங்கோ தாளம். விசில் வரவேண்டிய இடம் வந்தது, இரைச்சலோடு போனது. மைக்செட்காரர் முள்ளைத் தூக்கக் கை நீட்டினார்.

"எடுக்காதீங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மா. "வருவான், இருங்க."

தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. பாட்டு முடிந்து முள் வெறும் வளையத்தில் சுற்றத் தொடங்கியதும், அவர் அதைத் தூக்கி மறுபடியும் முதலிலிருந்து வைத்தார்.