நாலு வாரம் பார்த்த செயின்சா

டின்சாங்குக்கு நாற்பத்து நான்கு வயது. கட்டிபாஸ் ஆற்றின் மேல்கரையில், இருபத்திரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள வீட்டில், அக்கா ரெமூனாவின் அறையில் அவன் குடியிருந்தான். அந்த வயதுக்குள் அங்கே எல்லா ஆண்களுக்கும் பிள்ளையின் பெயர் ஒட்டிக்கொண்டுவிடும். தலைவரைக்கூட யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்; லிம்பிங்கின் அப்பா என்பதால் அவர் 'அப்பாய் லிம்பிங்'. டின்சாங் மட்டும் இன்னும் வெறும் டின்சாங்தான்.

பதினைந்து வருஷம் மரவெட்டு முகாம்களில் வாழ்ந்துவிட்டு, இடது தோளில் ஒரு தழும்போடும் கொஞ்சம் மந்தமான காதோடும் ஊர் திரும்பியவன் அவன். கல்யாணப் பேச்சை எடுத்தால், "கேக்கல, சத்தமாச் சொல்லு" என்பான். சத்தமாகச் சொன்னால் எழுந்து போய்விடுவான். ஆனால் ஒரு வேலையில் அவனை மிஞ்ச அந்த ஆற்றோரத்தில் ஆள் கிடையாது. கரி தடவிய நூலை மரத்தின் மேல் இழுத்துக் கட்டித் தெறித்து, விழுந்த கோட்டின் மேலேயே செயின்சாவை ஓட்டிப் பலகை அறுப்பான். இருபதடிப் பலகையை இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை வரைக்கும் ஒரு நெளிவு இருக்காது.

அந்த வருஷம் மே மாதம் பிறக்கும்போது அவனுடைய பழைய செயின்சா செத்துப்போயிற்று. ஜூன் ஒன்றாம் தேதி காவாய் என்ற அறுவடைத் திருநாள். வீட்டின் முன்னால், பன்றித் தொழுவத்துக்கு மேலே தூண்களில் நின்ற, நெல் காயவைக்கும் திறந்த மரத்தளமோ உளுத்துப்போய்க் கிடந்தது. ஏற்கெனவே அப்பாய் லிம்பிங்கின் கால் முழங்கால்வரை உள்ளே போய், நாலு பேர் சேர்ந்து பிடுங்கி எடுத்திருந்தார்கள்.

"விருந்தாளிங்க வந்து ஆடுறப்ப மொத்தப் பேரும் பன்னித் தொழுவத்துல போய் விழுவாங்க. சீக்கிரம் ஒரு சா வாங்குடா!" என்று தலைவர் கெஞ்சினார்.

கீழ்க்கரையில், படகில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்த நீள வீட்டில் பழைய செயின்சா ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. மிளகு விற்ற பணத்தைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலையில் டின்சாங் புறப்பட்டான்.

விற்பவள் ஜெலியா என்ற விதவை. ஊரில் அவளை 'இண்டாய் சங்காவ்' என்பார்கள், சங்காவின் அம்மா. மகன் வாங்கிய செயின்சா அது. அவன் வேலை தேடி ஜொகூருக்குப் போய்விட்டான். "வித்துடும்மா" என்று சொல்லிவிட்டான்.

பழைய செயின்சா விற்பவர்களின் தந்திரம் டின்சாங்குக்கு அத்துப்படி. ஆள் வருவதற்கு முன்னாலேயே நாலு தரம் இழுத்து என்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். அப்புறம் ஒரே இழுப்பில் சிங்கம் மாதிரி உறுமும். அதனால் வந்ததும் வராததுமாக அவன் என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஆற்றுக்கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

"என்ன, அதுக்குக் காய்ச்சலா?" என்றாள் ஜெலியா.

டின்சாங் நிமிர்ந்தான். அப்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தான். அவள் வாய் சிரிக்கவில்லை, கண் சிரித்தது. மந்தமான காதில்கூட அந்தக் கேள்வி மணி அடித்தது போல விழுந்திருந்தது!

அடுத்த சோதனை, தொடங்கு கயிற்றைப் பிடித்து செயின்சாவை அந்தரத்தில் தொங்கவிடுவது. பிஸ்டன் தேய்ந்திருந்தால் சா பொத்தென்று இறங்கிவிடும். இதுவோ இறங்க மனமே இல்லாதது போல நின்று நின்று, அங்குலம் அங்குலமாக இறங்கியது. என்ஜின் வைரம் மாதிரி இருந்தது. பொத்தென்று விழுந்தது டின்சாங்கின் நெஞ்சுதான்.

அந்த நொடியே பொத்தானைக் கழற்றிப் பணத்தை நீட்டியிருக்க வேண்டும். ஆனால் நீட்டினால் என்ன ஆகும்? சாவைத் தூக்கிக்கொண்டு படகேற வேண்டும். பிறகு இந்தப் பக்கம் வர அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

"நல்லாத்தான் இருக்கு," என்றான் தொண்டையைச் செருமி. "ஆனா பிஸ்டனைக் கழட்டிப் பாக்கணும். ஸ்பேனர் எடுத்துட்டு வரல. அடுத்த சனிக்கிழமை வர்றேன்."

தோளில் தொங்கிய பையில் ஸ்பேனர் கிணுக்கென்றது. ஜெலியா பையைப் பார்த்தாள், காப்பி எடுக்க உள்ளே போனாள்.

இரண்டாவது சனிக்கிழமை அவன் புகைக்குழாயைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டனைப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. பாவி, ஒரே ஒரு கீறலாவது இருக்கக்கூடாதா! "வெளிச்சம் சரியில்ல," என்று சொல்லிவிட்டு வந்தான்.

மூன்றாவது சனிக்கிழமை அதிர்ஷ்டம் அடித்தது. பிளேடின் நுனியைப் பலகைக்கு நேரே பிடித்து முடுக்கினால் எண்ணெய் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை. எண்ணெய்த் துளை அடைத்திருந்தது! டின்சாங்குக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து துடைத்தான், ஊதினான், குடைந்தான். அவன் முடிக்கும் வரைக்கும் அவள் எதிரில் உட்கார்ந்து பாய் முடைந்தாள். அவளுடைய வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் சும்மா வருவது போல வந்து, சும்மா போவது போலப் போனார்கள்.

திரும்பி வரும்போது படகில் பாடிக்கொண்டே வந்தான். துறையில் ரெமூனா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சா எங்கடா?"

"எண்ணெய் வரல, அக்கா."

"எண்ணெய் வரலேன்னா இவ்ளோ சந்தோஷப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன். போன வாரம் வெளிச்சம் வரல. அடுத்த வாரம் என்ன வராது?"

"அறுத்துப் பாக்கணும்."

"எங்க கழுத்தையா?"

அறுத்தும் பார்த்தான். நாலாவது சனிக்கிழமை, பட்டுப்போன துரியன் மரத்தை அந்த செயின்சா வெண்ணெய் மாதிரி அறுத்தது. அறுத்த பலகையைப் பார்த்து அந்த ஊரே கைதட்டியது. இனிச் சோதிக்க எதுவும் மிச்சமில்லை. "ராத்திரி யோசிச்சு சொல்றேன்," என்று சொல்லிவிட்டு ஓடிவந்தான். காவாய்க்கு எட்டு நாள்தான் இருந்தது. அப்பாய் லிம்பிங் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

யோசிக்க ஒரு ராத்திரி போதவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாமல், புதுச் சட்டை போட்டுக்கொண்டு டின்சாங் கீழே போனான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு. எதைச் சொல்வது என்பதுதான் முடிவாகவில்லை.

படியேறிப் பொதுக்கூடத்துக்குள் தலையை நீட்டினான். அங்கே ஜெலியாவின் பாயில் தங்கப் பல் வைத்த ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மரவெட்டு முகாமுக்குப் படகு ஓட்டும் உந்தாம். அவன் மடியில் அந்த செயின்சா, அவன் கையில் காப்பி! ஜெலியா ஏதோ சொல்ல, அவன் தலையைப் பின்னால் சாய்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

டின்சாங்குக்குக் கண் இருட்டியது. நாலு வாரம்! நாலு வாரம் துடைத்து, குடைந்து, அறுத்து வைத்தது இந்தத் தங்கப் பல்லுக்கா?

"டின்சாங்! வாங்க, வாங்க," ஜெலியா எழுந்தாள். அப்போதுதான் சுட்ட அரிசிப் பணியாரத் தட்டை நீட்டினாள். "சூடா இருக்கு, எடுத்துக்கங்க."

"வேணாம். வேலை இருக்கு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கி, படகைத் தள்ளி, மோட்டாரை இழுத்துப் பறந்தான். இரண்டு வளைவு தாண்டும்வரை கோபம் அவனை ஓட்டியது. மூன்றாவது வளைவில், பாறைகளுக்கு நடுவே நீர் நுரைத்து இறங்கும் இடத்தைக் கண்டதும் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தான்.

பணியாரம்! தொடவில்லையே!

பசி இல்லையா, சாப்பிட வேண்டாம். ஆனால் நீட்டிய சாப்பாட்டை ஒரு விரலாலாவது தொட்டு உதட்டில் வைத்துவிட்டுத்தான் எவனும் கிளம்புவான். தொடாமல் போனால் பூனி என்ற கேடு பிடிக்கும். பாம்பு கடிக்கும், படகு கவிழும். மரம் அறுப்பவனுக்குச் சங்கிலி அறுந்து தொடைக்கு வரும். பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். நாற்பத்து நாலு வருஷத்தில் டின்சாங் ஒரு தரம்கூட இந்தத் தப்பைச் செய்ததில்லை.

முன்னால் போகலாமென்றால் பாறை. பின்னால் போகலாமென்றால் தங்கப் பல். அவன் படகைக் கூழாங்கல் மேட்டில் இழுத்துப் போட்டுவிட்டு, தண்ணீருக்கு எட்டாத தூரத்தில், பாம்பு இருக்கிறதா என்று கல்லைப் புரட்டிப் பார்த்து உட்கார்ந்தான். விதி அவனை வாழவும் விடவில்லை, போகவும் விடவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

அப்போது கீழ் வளைவில் ஒரு மோட்டார் அலறியது.

முகப்பு வானத்தைப் பார்க்க, ஒரு படகு பாய்ந்து வந்தது. ஒரு கையில் மோட்டார், மறு கையில் தட்டு. தட்டின்மேல் வாழையிலை. ஜெலியாவின் கூந்தல் அவிழ்ந்து காற்றில் பறந்தது.

"தொடு!" கரை ஒதுங்குவதற்கு முன்னாலேயே கத்தினாள். "தொடுய்யா முதல்ல! மடையா! செத்துத் தொலைஞ்சா நான் என்ன பண்ணுவேன்?"

'நீங்க' எங்கே போயிற்று என்று டின்சாங் யோசிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து பணியாரத்தைத் தொட்டான். உதட்டில் வைத்தான். பிறகு முழுசாக வாயில் போட்டுக்கொண்டான். இரண்டாவதையும் எடுத்தான்.

"வேலை இருக்குன்னு சொன்ன," என்றாள் அவள், மூச்சு வாங்க.

"அந்த... தங்கப் பல்லு... வாங்கிட்டானா?"

"காசை நீட்டினான். ஏற்கெனவே ஒருத்தர் பாத்துட்டிருக்கார்னு சொன்னேன். எத்தனை நாளான்னு கேட்டான். நாலு வாரமான்னேன். அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சான். ஒரு சாவை நாலு வாரம் பாக்கறவன் சாவைப் பாக்கலம்மான்னு சொல்லிட்டுக் காப்பியைக் குடிச்சான்."

டின்சாங்கின் காது நுனிவரை சிவந்தது. "அந்த எண்ணெய்த் துளை அடைச்சிருந்ததே, அது நிஜம்."

"நிஜந்தான்," என்றாள் ஜெலியா ஆற்றைப் பார்த்துக்கொண்டு. "நான்தானே மெழுகு வச்சு அடைச்சேன்."

டின்சாங்குக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, பணியாரம் தொண்டையில் நின்றுகொண்டு இரண்டையும் வெளியே விடவில்லை. அவள் அவன் முதுகில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினாள்.

"இப்பச் சொல்லு. வாங்கறியா, இல்லையா?"

"வாங்கல."

அவள் முகம் வாடிற்று. டின்சாங் அவசரமாக விழுங்கினான்.

"அது உன் வீட்டிலேயே இருக்கட்டும், ஜெலியா. நான் அங்க வந்துடறேன். அக்கா அறைக்கு அக்கா பிள்ளைங்க இருக்காங்க, நான் எதுக்கு? உங்க வீட்டுல அறுக்கறதுக்கு மரம் இருக்கு. ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

ஜெலியா தட்டைப் படகில் வைத்தாள். ஈரக் கையால் கண்ணைத் துடைத்தாள். "சும்மா ஆத்துக்குள்ள நின்னுக்கிட்டு சொன்னா ஆச்சா?" என்றாள். "உங்க அக்கா வந்து என் பெரியப்பாகிட்ட முறையாக் கேக்கட்டும்."

அன்றைக்கு டின்சாங் துறையில் இறங்கும்போது பாதி வீடு அங்கே நின்றிருந்தது. கோபத்தை மறந்து தலைவரும் வந்திருந்தார்.

"சா எங்கே?" என்றார்கள் ஒரே குரலில்.

"வாங்கல."

"அப்படி என்னடா குறை அதுல?" என்று ரெமூனா வெடித்தாள்.

"ஒரு குறையும் இல்ல, அக்கா. அது அங்கேயே இருக்கு. நான்தான் போறேன்."

யாரோ ஒரு பெண்பிள்ளை கூவினாள், இன்னொருத்தி கூவினாள், கரை முழுக்கக் கூவியது. தம்பியை முதுகில் அடித்த ரெமூனா, அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எல்லாம் சரி, எங்க தளம்?" என்று கத்தினார் அப்பாய் லிம்பிங்.

"நாளன்னிக்கு அவளும் சாவும் என்னோட வர்றாங்க. ரெண்டு நாள்ல முடிச்சுடலாம். அதுக்கு முன்னாடி அக்கா போய் அவ பெரியப்பாவைக் கேக்கணும்."

"அதுக்கு முன்னாடியா? அப்ப நாளைக்கா?" ரெமூனா அவனை உதறிவிட்டு மூக்கைத் துடைத்தாள். "ஐயோ! விசேஷத்துக்குப் போடற பாசிமணிக் காலரைப் பெட்டிக்கு அடியில வச்சிருக்கேனே! தள்ளுங்கடி, வழி விடுங்க!"

அவள் மரப்படியில் தடதடவென்று ஏறி ஓடினாள்.