சோட்டா டிக்ரி தபால் டோங்கி

சேக் தாவூத் கடலுக்குப் பயந்தவர் அல்ல. தொண்டியில் பிறந்தவர். நான்கு நாள் கப்பல் பயணத்தில் ஒருமுறைகூட வாந்தி எடுக்காமல் போர்ட் பிளேரில் வந்து இறங்கிய மிகச் சிலரில் ஒருவர். காற்று, சுழல், கழியோரத்து முதலை ஆகிய மூன்றையும் அவர் சமாளித்தார். சமாளிக்க முடியாமல் போனது பக்கத்துப் படகை.

வண்டூருக்கு அருகே, கடல்நீர் ஏறி இறங்கும் ஒரு கழியில் படகு கட்ட இருந்த மர ஜெட்டிதான் அவர் தொழில் நடத்திய இடம். தினமும் பதினொரு மணிக்குப் போர்ட் பிளேர் பஸ் தபால் பையை அங்கே இறக்கும். அதைத் தம் டோங்கி என்ற சிறு துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு, கழி கடலோடு சேரும் இடத்தில் இருந்த சோட்டா டிக்ரி என்ற குடியிருப்புக்குத் துடுப்பு வலித்துக்கொண்டு போய், இரண்டு மணிக்குள் சேர்க்க வேண்டும். அங்கே தபால் ஆபீசும் பள்ளிக்கூடமும் ஒரே அறை. இரண்டு மணிக்கு வாத்தியார் தபால்காரராக இருப்பதை நிறுத்திவிட்டு மீண்டும் வாத்தியார் ஆகிவிடுவார். அதன் பிறகு வரும் பை மறுநாள்தான் பிரியும். நாற்பது குடும்பங்கள், நாலைந்து பாஷைகள். எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரே விஷயம், மெயின்லாண்டிலிருந்து வரும் கடிதம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஒரே வருஷத்தில் மூன்று முறை பை தாமதமானால் வேலை வேறு ஆளுக்குப் போகும். அறுபத்து நான்காம் வருஷம் அக்டோபர் வரைக்கும் தாவூதின் பெயரில் இரண்டு தாமதங்கள் பதிவாகியிருந்தன. இரண்டுக்கும் காரணம் கடல் அல்ல, ஜம்புலிங்கம்.

ஜம்புலிங்கம் மரக் காண்ட்ராக்டர். புதுக்கோட்டைக்காரர். இங்கே வரும்வரை குளத்தைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்திராதவர். ஆனாலும் இரண்டே வருஷத்தில் டீசல் லாஞ்ச் வாங்கி, அதற்கு மனைவி விசாலாட்சியின் பெயரை வைத்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. காய்ச்சல் என்றால் டாக்டரைக் கூட்டிவர லாஞ்சை அனுப்புவார். பெருநாளுக்குத் தாவூத் வீட்டுக்குச் சர்க்கரை வரும். மழைக்காலத்தில் கேட்காமலே ஓலை வரும். எதைக் கேட்டாலும் கொடுக்கக்கூடிய அந்த மனிதரால், கொஞ்சம் நகருங்கள் என்று கேட்டால் மட்டும் நகர முடிந்ததில்லை.

ஜெட்டியில் வற்றத்திலும் தண்ணீர் நிற்கும் இடம் ஒன்றே ஒன்று, அதன் கடைசி முனை. தபாலுக்கு நேரம் தவறக் கூடாது என்பதால் அந்த இடம் ஆரம்பத்திலிருந்தே தாவூதுக்கு. லாஞ்சுக்கும் ஆழம் தேவைப்பட்டது. எனவே ஜம்புலிங்கம் டோங்கிக்கு வெளிப்பக்கமாக லாஞ்சை அணைத்து நிறுத்தி, டோங்கியின் தலைக்கு மேலாகக் கயிறு வீசி ஜெட்டித் தூணில் கட்டச் செய்வார். பிறகு அவரும் லாஞ்சை ஓட்டும் செராங்கு உதுமானும் டோங்கியில் கால் வைத்துக் கரையேறுவார்கள். அந்தக் கால்களில் எப்போதும் சேறு இருக்கும். லாஞ்சில் வாடை வரக் கூடாது என்பதற்காக உதுமான் கருவாடு கழுவுவதும் டோங்கியில் உட்கார்ந்துதான். ஒருமுறை இரண்டு ஆடுகள் அந்த வழியாகக் கரையேறின. அவற்றில் ஒன்று தபால் பையின் முத்திரைக் கயிற்றைப் பாதி தின்றுவிட்டது. இப்படி ஏழு மாதம்.

"காண்ட்ராக்டரே, பதினொண்ணு அடிச்சா நான் வெளியே போகணும். லாஞ்ச் நிக்கிற நிலையில எப்படிப் போறது?" என்று தாவூத் கேட்பார்.

"அடடா, தப்பு பாய், பெரிய தப்பு. நாளையிலேருந்து பாருங்க," என்பார் ஜம்புலிங்கம். அவர் மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் அவரோடு சண்டை போடவும் வழி இல்லாமல் போனது. மறுநாளும் லாஞ்ச் அங்கேதான் நிற்கும்; மரம் ஏற்ற அது தானாகக் கிளம்பினால்தான் தாவூதுக்கு வழி, கிளம்பாத இரண்டு நாள்தான் பை தாமதமானது. மன்னிப்பு மட்டும் புதிதாக இருக்கும்.

இவ்வளவுக்கும், லாஞ்சின் கயிற்றை அவிழ்த்து, நாலு முழம் தள்ளிக் கட்டிவிட்டுப் போனால் முடிந்துவிடும் காரியம் இது. தாவூதின் மனைவி லத்தீபா இதை வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தக் கயித்தை அவுத்தா என்ன, கையா வெந்துரும்?"

"அடுத்தவன் கயித்துல கை வைக்கப்படாது. அது ஜெட்டிச் சட்டம்."

"எவன் போட்ட சட்டமாம்?"

தாவூத் துடுப்பைத் துடைக்கப் போய்விடுவார். சட்டத்தைப் போட்டது அவர்தான்.

குடியேறிய முதல் வருஷத்தில் நடந்த கதை அது. யாரோ ஒருவர் இடம் போதவில்லை என்று இன்னொருவரின் படகை அவிழ்த்து நகர்த்திக் கட்டினார். கட்டியது சரியில்லை. வற்றத்தோடு படகு கடலுக்குப் போனது, போனது போனதுதான். அடிதடி ஆகி, வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் ஜெட்டியில் கூடிய அன்று, தாவூத்தான் நடுவில் நின்று ஹிந்தியில் தீர்ப்பு சொன்னார். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் அவரவர் கயிற்றை அவரவரே தொட வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தீவில் அத்தனை பாஷைக்காரர்களும் ஒருமித்து மதித்த சட்டம் அது ஒன்றுதான். அதைத் தாமே மீறினால் ஜெட்டியில் முகம் காட்ட முடியாது என்று தாவூத் நம்பினார். அதை மீறாததால் பிழைப்பு போகப்போகிறது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாவது தாமதத்துக்கான நாள் ஒரு பௌர்ணமியை ஒட்டி வந்தது. அன்று காலை போர்ட் பிளேர் லம்பா லைனில் ஜம்புலிங்கத்தின் உறவினர் வீட்டில் பெயர் சூட்டு விழா. எட்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் லாஞ்ச் வந்து டோங்கியோடு மோதி நின்றது. சலவை வேட்டியும் வாழைத்தாருமாக ஜம்புலிங்கம் டோங்கியில் குதித்து ஓடினார். பின்னால் உதுமான் ஓடினான்.

"காண்ட்ராக்டரே," என்று கரையிலிருந்து தாவூத் கூப்பிட்டார்.

"சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுல வந்துர்றேன் பாய். உங்களுக்குச் சேத்து நான் சாப்பிடுறேன்." பஸ் போய்விட்டது.

பதினொரு மணி பஸ்ஸிலிருந்து பையோடு ஒருவரும் இறங்கினார். குடை, டிபன் கேரியர், மூக்குக் கண்ணாடி. மெயில் ஓவர்சியர் பக்தவத்சலம். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம்.

"நீங்கதானே சேக் தாவூத்? ரெண்டு தாமதம் இருக்கு. இன்னிக்கு நான் கூடவே வரேன். கிளம்பலாமா?"

"கிளம்பலாம் சார்," என்றார் தாவூத். கிளம்பவில்லை.

பக்தவத்சலம் டோங்கியைப் பார்த்தார். அதை ஜெட்டியோடு சேர்த்து நசுக்கிக்கொண்டு நின்ற லாஞ்சைப் பார்த்தார். "அது யாருது?"

"காண்ட்ராக்டருது."

"அவுத்து விட வேண்டியதுதானே?"

"அவங்க கயிறு சார்."

"கயிறுன்னா கயிறுதான். அதுல என்ன அவங்க இவங்க?"

தாவூத் சட்டத்தை விளக்கினார். ஓவர்சியர் முழுவதையும் கேட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "உங்க ஜெட்டிச் சட்டத்துல எங்க இலாகாவுக்கு ஆட்சேபணை இல்லை. மணி ரெண்டு ஆனா நான் எழுதித்தான் ஆகணும்," என்றார். கொடுமையாகச் சொல்லவில்லை. நாளை மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

தாவூத் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் டோங்கியில் இறங்கி, காலையில் ஜம்புலிங்கம் மிதித்த சேற்றைக் கழுவத் தொடங்கினார். அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. ஏழு மாதமாக டோங்கிக்கு மேலே ஓடித் தூணுக்குப் போன லாஞ்ச் கயிறு இன்று தூணுக்குப் போகவில்லை. பஸ் ஹாரன் அடித்த அவசரத்தில் உதுமான் லாஞ்சின் இரண்டு கயிறுகளையும் டோங்கியின் குறுக்குக் கட்டைகளிலேயே கட்டிவிட்டு ஓடியிருந்தான். டோங்கிதான் ஜெட்டியில் கட்டியிருந்தது. லாஞ்ச் டோங்கியில் மட்டும்தான் கட்டியிருந்தது.

தாவூத் நிமிர்ந்தார். ஒரு முறை எண்ணினார். தவறு இருக்கக் கூடாது என்று இன்னொரு முறை எண்ணினார்.

"சார், ஜெட்டித் தூண்ல எத்தனை கயிறு இருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டு."

"ரெண்டும் என்னுது சார்," என்றார் தாவூத். "ஏறி உக்காருங்க."

அவர் தம் கயிறுகளை, தம்முடையவற்றை மட்டுமே, அவிழ்த்தார்.

பௌர்ணமி ஏற்றம் முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்த நேரம். கழியிலிருந்து தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. டோங்கி மெல்ல ஜெட்டியை விட்டு விலகியது. விசாலாட்சி என்ற டீசல் லாஞ்ச், கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மனைவியைப் போலக் கூடவே வந்தது. ஜெட்டியில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

நல்ல வேளையாக, வலிக்க வேண்டிய அவசியம் அதிகம் இருக்கவில்லை. நீரோட்டம் இழுத்தது, வளைவுகளில் மட்டும் தாவூத் துடுப்பால் திருப்பிவிட்டார். கரையோரக் கண்டல் மர வேர்களில் முட்டிக்கொள்ளாமல் இரண்டு படகுகளைத் திருப்புவது லேசான காரியம் அல்ல; வேர்வை முதுகு முழுவதும் ஓடியது. பக்தவத்சலம் கால் மணி நேரம் வெயிலில் குடை பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நிழல் சும்மா வருவதைக் கவனித்தார். லாஞ்சின் கூரைக்குக் கீழே ஜம்புலிங்கத்தின் பிரம்பு நாற்காலி ஒன்று இருந்தது.

"அங்கே உக்காந்தா சட்டத்துல தப்பில்லையே?"

"நாற்காலியைப் பத்தி அன்னிக்குப் பேச்சு வரலை சார்."

ஓவர்சியர் நாற்காலிக்கு மாறி, டிபன் கேரியரைத் திறந்தார். தாவூத் நீட்டிய துடுப்பின் மேல் அவருக்கும் ஒரு கவளம் தயிர் சாதம் வைக்கப்பட்டது.

ஒன்றரை மணிக்குச் சோட்டா டிக்ரி வந்தது. கரையில் நின்ற வங்காளிக் கிழவர் ஒருவர், "டாக்வாலா லாஞ்ச் லேகே ஆயா," என்று கத்தினார். தபால்காரன் லாஞ்சோடு வந்துவிட்டான் என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவி, தங்கள் ஊருக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்துவிட்டதாக நினைத்து எல்லோரும் ஓடிவந்தார்கள். வாத்தியார் இன்னும் தபால்காரராகவே இருந்தார். பை பிரிந்தது. தாவூத் கரை மணலில் உட்கார்ந்து, மார்ச்சிலிருந்து அடக்கிவைத்திருந்ததைப்போல ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

திரும்பி வர ஏற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்து ஒரு மணி நேரம் கடந்திருந்தது. ஜம்புலிங்கம் ஜெட்டி முனையில் நின்றிருந்தார். நாலு மணியிலிருந்து நிற்கிறார் என்பது சலவை வேட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. லாஞ்சை யாரோ திருடிவிட்டதாக அவர் கத்தியும், ஜெட்டியில் இருந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லையாம். ஏழு மாதமாக அவர்களும் அந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

"பாய், என் கயித்தை அவுத்தீங்களா?"

"உங்க கயித்தை நான் தொடலை, காண்ட்ராக்டரே. கட்டுனது கட்டுனபடியே இருக்கு. வந்து பாருங்க."

உதுமான் இறங்கிப் பார்த்தான். முடிச்சு அவன் போட்டதுதான். அதை ஒப்புக்கொள்ளும்போது அவன் தன் முதலாளியைப் பார்க்கவில்லை.

"லாஞ்சைத் தபால் படகுல கட்டினா," என்றார் தாவூத், "தபால் போற எடத்துக்குத்தான் அதுவும் போகும்."

ஜம்புலிங்கம் ஜெட்டித் தூணில் சாய்ந்துகொண்டார். பிறகு, "மூணு மணி நேரம் நின்னேன் பாய். கால் வலிக்குது," என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. காத்திருப்பது என்ற ஒன்று உலகத்தில் இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்ததுபோல.

"நான் ஏழு மாசம் நின்னேன்," என்றார் தாவூத்.

அன்று முதல் முறையாக ஜம்புலிங்கம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதனால் ஏதாவது நடக்கும் என்று தாவூதுக்கு நம்பிக்கை வந்தது. பத்து நாளில் ஜெட்டியிலிருந்து முப்பது முழம் தள்ளி, ஆழத்தில், இரண்டு தடித்த படாக் மரத் தூண்கள் நடப்பட்டன. ஆட்களும் மரமும் ஜம்புலிங்கத்துடையவை. லாஞ்ச் அங்கே போனது. இடம் மிச்சம் இருந்ததால் வேறு யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். தாராளத்தில் அவருக்கு என்றும் குறை இருந்ததில்லை. பின்னாளில் அங்கே யார் எங்கே கட்டுவது என்று தகராறு வந்தது. தீர்ப்புச் சொல்லத் தாவூதைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

முதல் சில நாள் தாவூதால் நம்ப முடியவில்லை. பதினொரு மணிக்கு டோங்கியின் வெளிப்பக்கம் வெறும் தண்ணீர் இருப்பதைப் பார்ப்பார், உட்காருவார், மறுபடி எழுந்து பார்ப்பார். இரவில் நன்றாகத் தூங்குவதாக லத்தீபா பக்கத்து வீட்டில் சொன்னாள். டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

ஒரே ஒரு சிக்கல். பக்தவத்சலம் எழுதிய அறிக்கையில், பை நேரத்துக்குச் சேர்ந்தது என்பதோடு, ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குப் படகில் நிழலும் பிரம்பு நாற்காலியும் உண்டு என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அடுத்த வருஷம் இன்னொரு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. தாவூத் இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஜம்புலிங்கத்திடம் ஆள் அனுப்பினார். கேட்டால் கொடுக்கிற மனிதர் அல்லவா. சொன்ன நேரத்துக்கு முன்பே, தாமே நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, டோங்கியில் இறங்கி, நடுவில் போட்டுவிட்டுப் போனார்.

"கால் கழுவிட்டு வந்தாரா?" என்று லத்தீபா சாயங்காலம் கேட்டாள்.

தாவூத் யோசித்தார். "ஒரு காலை," என்றார்.